தலைமன்னாரிலிருந்து நீந்துவது

தலைமன்னார் கரைக்கும் தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மேற்கு நோக்கி, சற்று வடக்கே சாய்ந்து போகும் கோடு அது. கடலின் ஆழம் பெரிதல்ல. ஆதாம் பாலத்து மணல்திட்டுகளின் அருகே ஆள் நிற்கக்கூடிய இடங்கள்கூட உண்டு. தண்ணீரும் குளிராது. மார்ச், ஏப்ரலில் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். பாக்கு நீரிணை நீச்சல் என்றால் இன்று பெரும்பாலும் இந்த வழியைத்தான் சொல்கிறார்கள். இதே தண்ணீரை ஒருவர் 25 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக் கடந்திருக்கிறார். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பத்தரை மணி நேரத்தில் கடந்திருக்கிறான். இந்த வித்தியாசம் தோள் பலத்தால் மட்டும் வந்ததல்ல. நாள் பார்த்ததும், நேரம் பார்த்ததும், முன்னால் போன படகோட்டி கடலைப் படித்த விதமும் அதில் பெரும் பங்கு.

மன்னார்க் கடலில் காற்றுத்தான் நாட்காட்டி. வாடை வீசும் மாதங்களில் பாக்கு விரிகுடாவின் தண்ணீர் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கப் பார்க்கும். தென்மேற்குக் காற்றான சோளகம் பெயர்ந்ததும் அதே தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே தள்ளப்படும். திட்டுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வாய்களில் இந்த ஓட்டம் நெருக்குண்டு வேகம் பிடிக்கும். இரண்டு காற்றுக்கும் இடையில் கடல் ஓய்ந்து கிடக்கும் சில வாரங்கள்தான் நீந்துவோருக்குக் கிடைக்கும் காலம். கடந்தவர்களின் தேதிகளை எடுத்துப் பார்த்தாலே இது தெரியும்: இந்தியாவின் மிகிர் சென் 1966 ஏப்ரல் 5, 6, தேனிச் சிறுவன் ஜெய் ஜஸ்வந்த் 2019 மார்ச் 28, ஐதராபாத்தின் சியாமளா கோலி 2021 மார்ச் 19, இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர 2021 ஏப்ரல், மும்பைச் சிறுமி ஜியா ராய் 2022 மார்ச் 20. எல்லாம் ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

நீந்துபவர் மேற்கே போகிறார். நீரோட்டமோ வடக்கும் தெற்குமாக ஓடுகிறது. அதாவது, வாழ்நாளில் ஒருமுறைகூட அது அவருக்கு முழுத் துணையாக வராது. எப்போதும் விலாவில்தான் இடிக்கும். மணிக்கு 2.2 கிலோமீற்றர் நீந்தக்கூடிய ஒருவரை மணிக்கு ஒரு கிலோமீற்றர் ஓட்டம் பக்கவாட்டில் தள்ளினால், 13 மணி நேரத்தில் அவர் 13 கிலோமீற்றர் விலகிப் போய்விடுவார். தெற்கே விலகினால் மன்னார் வளைகுடா; வடக்கே விலகினால் திறந்த பாக்கு விரிகுடா. விலகாமலிருக்க ஓட்டத்துக்கு எதிராகச் சாய்ந்து நீந்தினால், 13 மணிச் சொச்சத்தில் முடிய வேண்டிய தூரம் 15 மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பலர் படகில் ஏறிவிடுகிறார்கள்.

அனுபவப்பட்ட படகோட்டிக்கும் புதியவருக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான். வற்றும் பெருக்கும் ஏறத்தாழ ஆறு மணிக்கொருமுறை மாறுகின்றன. முதலில் தெற்கே தள்ளிய தண்ணீர் பிறகு வடக்கே தள்ளும். 13 மணி நேர நீச்சலில் ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொள்ளும். இதை அறிந்தவர் நீந்துபவரைக் கொஞ்சம் விலகவிட்டு, தண்ணீர் திரும்பும்போது மீட்டெடுப்பார். தடம் வளைந்து நெளிந்து போகும், நேரமோ மிச்சமாகும். காற்றால் வரும் விலகலை மட்டும் தண்ணீர் திருப்பித் தராது. அதை உடனுக்குடன் சரிசெய்தாக வேண்டும். ஜி.பி.எஸ். கருவி வந்த பிறகு ஒரு புதுப் பழக்கம் தொற்றியிருக்கிறது. திரையில் இழுத்த நேர்கோட்டை விட்டு அசையக்கூடாது என்று படகை ஓட்டுகிறார்கள். கோடு அழகாக விழும். அந்தக் கோட்டைக் காப்பாற்ற ஓட்டம் தெற்கே தள்ளும்போதும் வடக்கே தள்ளும்போதும் நீந்துபவர் அதோடு மல்லுக்கட்டுவார். கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் அது இல்லாமல் இப்போது யாரும் இறங்குவதில்லை. ஆனால் எங்கே நிற்கிறோம் என்பதை மட்டுமே அது சொல்லும். தண்ணீர் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பேசாலையிலும் தலைமன்னாரிலும் வலை விடுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் அட்டமி, நவமி நாள்களைச் சொல்வார்கள். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டி இழுவை கூடும், நடுப்பிறையில் தளரும்.

படகு பக்கத்தில் போவது பார்ப்பதற்கு எளிய வேலை. வெளி இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகால் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் வேகத்தில் சீராகப் போகவே முடியாது. கொஞ்சம் முன்னால் போய், இயந்திரத்தை நிறுத்தி, ஆள் வரும்வரை மிதந்து, மறுபடி போக வேண்டும். இரவில் இப்படிச் செய்யும்போது நீந்துபவர் கண்ணிலிருந்து தவறிவிடக்கூடும். அதனால் தொப்பியிலும் முதுகிலும் சிறு விளக்கைக் கட்டுகிறார்கள். படகு காற்று வரும் பக்கம் நின்றால் அலையை மறைத்துக்கொடுக்கும். ஆனால் எரிபொருள் புகை முழுவதும் நீந்துபவரின் மூக்குக்குப் போகும். மூன்று மணி நேரம் அந்தப் புகையைக் குடித்தவர் வாந்தி எடுக்கத் தொடங்குவார். வாந்தி எடுப்பவரால் சாப்பிட முடியாது. சாப்பிட முடியாதவர் பத்தாவது மணியைத் தாண்டமாட்டார். காற்று ஓய்ந்த நாளில் இந்தத் தலைவலி இல்லை. காற்று ஓய்ந்த நாளை வாங்கித்தர யாராலும் முடியாது என்பது வேறு விஷயம்.

உணவு அரை மணி, முக்கால் மணிக்கொருமுறை. நீண்ட கழியிலோ கயிற்றில் கட்டிய போத்தலிலோ கொடுப்பார்கள். கை படகில் படக்கூடாது, படகிலுள்ளவர் கை நீந்துபவர் மேல் படக்கூடாது: ஆங்கிலக் கால்வாயில் உருவான இந்த விதியைத்தான் உலகெங்கும் நெடுந்தூர நீச்சல்காரர்கள் பின்பற்றுகிறார்கள். உடைக்கும் அதே கதைதான். சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, அவ்வளவே. துணையின்றி நீந்த வேண்டும் என்ற இந்த விதியால் ஆதாம் பாலத்தில் ஒரு விசித்திரமான சோதனை வருகிறது. களைத்துப்போனவருக்கு எங்கோ காலடியில் மணல் தட்டும். நின்று மூச்சு வாங்கிவிட்டால் அது கடந்த கணக்கில் சேராது. வேறு நீரிணைகளில் ஆழம் பயமுறுத்தும். இங்கே ஆழமின்மை ஆசைகாட்டும். இதனாலேயே திட்டுகளை விட்டு ஒதுங்கிப் போவதைப் பலர் விரும்புகிறார்கள்.

உடம்பு என்ன ஆகும் என்பதைச் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை. உப்பு நாக்கையும் உதட்டையும் வீங்கவைக்கும். கடைசி மணி நேரங்களில் திட உணவு தொண்டையில் இறங்காது, கஞ்சித் தண்ணீரும் குளுக்கோசும்தான். அக்குளும் கழுத்தும் உராய்ந்து தோல் கழன்றுவிடும். அதற்காகத்தான் கிரீஸைத் தடிப்பாகப் பூசுவது. குளிரைத் தடுக்கத்தான் பூசுகிறார்கள் என்ற எண்ணம் இந்தக் கடலுக்குப் பொருந்தாது. இங்கே எதிரி வெயில். காலை பத்து மணிக்குப் பின் முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெந்து போகும். சொறிமுட்டை கூட்டமாக வந்தால் ஒதுங்க இடமில்லை. பட்டபின் வினாகிரியை ஊற்றிக்கொண்டு தொடர வேண்டும். கடற்பாம்புகளும் இந்தப் பக்கம் உண்டு. அவை பெரும்பாலும் தம் பாட்டில் போய்விடும். பாம்பைவிட இரவில் விரித்துக் கிடக்கும் வலைகள் ஆபத்து. எந்தச் சம்மாட்டியின் வலை எங்கே கிடக்கிறது என்று தெரிந்த ஆள் படகில் இருப்பது மருத்துவர் இருப்பதற்குச் சமம்.

இந்த நீரிணையை நீந்திக் கடந்த கதை மன்னாரில் தொடங்கவில்லை. 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வடக்கே வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தினார். வடமராட்சியின் கப்பலோட்டிகள் காலங்காலமாகப் பாய்விரித்துப் போன வழி அது; தலைமன்னார் வழியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். அந்த நாளில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீந்த வேண்டிய தேவை யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை. 1914 முதல் தலைமன்னார் பியர் என்ற இறங்குதுறையிலிருந்து கப்பல் போய்க்கொண்டிருந்தது. கொழும்பில் ரயிலேறியவர் கப்பல் மாறிச் சென்னை எழும்பூரில் இறங்கலாம்.

1964 டிசம்பர் 22, 23 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியது. தலைமன்னாரும் அடிவாங்கியது. ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு கழித்து, ஆங்கிலக் கால்வாயை 1958இலேயே கடந்திருந்த மிகிர் சென், கடற்படைத் துணையோடு தலைமன்னாரிலிருந்து நீந்தித் தனுஷ்கோடி சேர்ந்தபோது அங்கே ஊர் இல்லை, இடிபாடுதான் இருந்தது. அவர் எடுத்த நேரம் 25 மணி 36 நிமிடம். அதே 1966இல் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பொஸ்பரஸ், பனாமாக் கால்வாய் என்று அவர் தொடர்ந்து முடித்தவற்றில் இதுதான் முதலாவது. உலகப் பெருநீச்சல்களின் வரிசையில் தலைமன்னாரின் பெயர் ஏறியது அப்போதுதான்.

ஆனால் இந்தக் கடலின் உண்மையான சம்பியன் வல்வெட்டித்துறைக்காரர். 1943இல் பிறந்த விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன், தமிழர் வாயில் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் அவர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். 51 மணி நேரம். ஒருவழி நீச்சலைப்போல இரண்டு பங்கு என்று இதைக் கணக்கிடுவது தவறு. ஒருவழிக்கு நல்ல நேரம் பார்த்து இறங்கலாம். திரும்பும் வழிக்குக் கடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான். காற்று எழும்பியிருக்கும், தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு இரவுகள் உறக்கமில்லாமல் தண்ணீரில் கழிகின்றன. இரண்டாவது இரவில் கைகள் பழக்கத்தில் ஓடினாலும் மனம் இல்லாதவற்றைப் பார்க்கத் தொடங்கும்; நெடுந்தூர நீச்சல்காரர்கள் எல்லோரும் சொல்வது இது. கரை கண்ணுக்குத் தெரிந்த பின்னும் நீரோட்டம் மணிக்கணக்கில் அதை எட்டவிடாமல் வைத்திருக்கும்.

ஆனந்தனை நீச்சல்காரர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேகம் அவருடைய துறையல்ல, தாங்குவதுதான் துறை. ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 128 மணி நேரம் ட்விஸ்ட் நடனம் ஆடினார். 187 மணி நேரத்துக்கு மேல் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டினார். சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் தண்ணீரில் நின்ற நிலையில் மிதந்தார். கின்னஸ் புத்தகத்துக்காக ஆடிய வித்தைகள் என்று சிலர் இவற்றைத் தள்ளிவிடுவது உண்டு. பாக்கு நீரிணையில் 51 மணி நேரம் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அப்படித் தள்ள மனம் வராது. உறக்கத்தையும் வலியையும் ஒத்திப்போடுவதில் ஒரே பயிற்சியைத்தான் அவர் வெவ்வேறு இடங்களில் செய்துகொண்டிருந்தார்.

அந்தப் பயிற்சி வெப்பக் கடலுக்கானது. ஆங்கிலக் கால்வாயின் தண்ணீர் கோடையிலும் 15 முதல் 18 பாகைதான். அங்கே தாங்கும் மனம் இருந்தாலும் உடம்பின் சூடு மணிக்கு மணி கரைந்துகொண்டிருக்கும். நினைவு மங்கும்போது அதை நீந்துபவரே உணரமாட்டார். மாதக்கணக்கில் குளிர்நீரில் கிடந்து உடம்பைப் பழக்குவதைத் தவிர அதற்கு வேறு வழி இதுவரை இல்லை. ஆனந்தன் 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி அந்தக் கால்வாயை நீந்த முயன்றபோது இறந்தார். வயது 41. வல்வெட்டித்துறையில் அவர் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. அவர் புறப்பட்டு, திரும்பியும் வந்து சேர்ந்த தலைமன்னாரிலும் அப்படியொன்று இருந்திருக்கலாம்.

அவருடைய சாதனை ஐம்பது ஆண்டு நின்றது. 2021 ஏப்ரலில் ரொஷான் அபேசுந்தர இருவழியையும் 28 மணி 19 நிமிடம் 43 விநாடியில் முடித்தார். நீந்திய தூரம் 59.3 கிலோமீற்றர். ஏறத்தாழப் பாதி நேரம். விமானப்படையின் பயிற்சி, காலநிலை முன்கணிப்பு, இருவழிக்கும் திட்டமிட்ட உணவு, ஜி.பி.எஸ். எல்லாம் பின்னால் இருந்தன. சராசரி மணிக்கு இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேல். அந்த வேகத்தை அத்தனை நேரம் பிடித்துவைத்ததுதான் பெரிய வேலை. ஆனால் ஐம்பது ஆண்டு நின்ற சாதனை என்பதில் கடலைவிட அரசியலின் கைதான் அதிகம். அந்த ஐம்பதில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீர் போர்க்களமாக இருந்தது. முயன்றவர்களே சிலர்தான்.

மிகிர் சென்னும் ஆனந்தனும் நீந்தியபோது நடுக்கடலில் உடன்படிக்கையால் வரைந்த எல்லை கிடையாது. 1974 ஜூனில்தான் இரு அரசுகளும் பாக்கு நீரிணை முதல் ஆதாம் பாலம் வரை கடல் எல்லையை வரைந்தன. அதன் பிறகு நீச்சல் ஒரு பயணமாகிவிட்டது. வெளிவிவகாரம், பாதுகாப்பு, கடற்படை, கரையோரக் காவல் என்று இரு பக்கமும் அனுமதி வேண்டும். எல்லைவரை இலங்கைக் கடற்படை, அதற்கப்பால் இந்தியக் கரையோரக் காவல்படை என்று கைமாற்றிக்கொள்வார்கள். நீந்தத் தயாராவதைவிடக் கோப்பு நகர்வதற்கு அதிக நாள் ஆகலாம். கோப்பு வந்த நாளும் கடல் ஓய்ந்த நாளும் ஒன்றாக வாய்க்க வேண்டும். அனுமதியின் திகதி முடிகிறதே என்று காற்றோடு இறங்கியவர்கள் திரும்பியிருக்கிறார்கள்.

இதனால் தலைமன்னாரின் பங்கும் மாறியது. இந்திய நீச்சல்காரர்கள் இராமேஸ்வரத்தில் வாடகைக்கெடுத்த படகில், தங்கள் படகோட்டிகளோடு வருகிறார்கள். விடிவதற்கு முன் தலைமன்னார் மணலைத் தொட்டுவிட்டு, கையை உயர்த்திக் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஊருக்குத் தெரிவதற்குள் ஆள் எல்லையை நோக்கிப் போய்விடுகிறார். மாலையும் மேளமும் அரிச்சல்முனையில்தான். 2017இல் அங்கேவரை தார்ச்சாலை வந்தபின் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. போரில் அறுந்த ரயில் 2015இல் பியர்வரை மீண்டும் வந்தும் இந்தக் கரையில் இன்னும் கூட்டம் சேரவில்லை.

வயதின் கீழெல்லையும் இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. 1994இல் ஈரோட்டின் குற்றாலீஸ்வரன் இங்கே கடந்தபோது அவருக்கு 12 வயது. அதே ஆண்டு ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகளை முடித்து, ஒரே ஆண்டில் ஐந்து என்ற மிகிர் சென்னின் கணக்கையும் தாண்டினார். 2004இல் வங்காளத்தின் புலா சவுத்ரி 13 மணி 52 நிமிடத்தில் கடந்தார். 2019இல் ஜெய் ஜஸ்வந்த் பத்து வயதில், பத்தரை மணி நேரத்தில். 2022இல் ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய், 29 கிலோமீற்றரை 13 மணி 10 நிமிடத்தில். அதற்கு முந்திய ஆண்டு சியாமளா கோலி 48 வயதில் எடுத்தது 13 மணி 43 நிமிடம். வேகமான பெண், இளைய பெண், இளைய சிறுவன் என்று ஒவ்வொரு முறையும் தலைப்பு மாறுகிறது. ஒரே நாளில், ஒரே தண்ணீரில் இறங்காதவர்களின் நிமிடங்களை ஒப்பிடுவதால் நீச்சல் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடியது குறைவு. ஆனாலும் 13 வயதுக்காரியும் 48 வயதுக்காரியும் அரை மணி வித்தியாசத்தில் கரையேறியதுதான் இந்தப் பட்டியலில் யோசிக்கத்தக்க விஷயம். நெடுந்தூரத்தில் வயது அவ்வளவாகக் குறுக்கே வருவதில்லை.

பத்து வயதுப் பிள்ளையைக் கடலில் இறக்குவது பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலக் கால்வாயில் இப்போது 16 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதில்லை. வெப்ப நீர் என்பதால் இங்கே குளிர் அபாயம் குறைவு என்பது உண்மை. வெயிலும் உப்பும் சிறு உடம்பை இன்னும் சீக்கிரம் வற்றவைக்கும் என்பதும் உண்மை. போதும் என்று சொல்ல முடியாத பிள்ளைக்காகப் போதும் என்று சொல்லும் அதிகாரம் படகில் ஒருவருக்கு இருக்க வேண்டும். அவர் பெற்றோராகவோ பயிற்றுநராகவோ இருக்கக்கூடாது. இந்தப் பழக்கம் பாக்கு நீரிணையில் இன்னும் விதியாகவில்லை.

இனி இறங்க நினைப்பவர்கள் மார்ச், ஏப்ரலுக்காக முந்திய ஆண்டின் சோளகக் காலத்திலேயே விண்ணப்பம் கொடுப்பது நல்லது. அனுமதியை ஒரு நாளுக்கென்று கேட்காமல் பத்து நாளுக்கென்று கேளுங்கள். பயிற்சிக்குக் குளம் போதாது. இரவுக் கடலில் ஆறு மணி நேரம் முழுதாக நீந்திப் பார்க்காதவர் வரவே வேண்டாம். தலைமன்னாரிலோ பேசாலையிலோ இந்தக் கடலில் வலை விடும் ஒருவரைக் கூலி கொடுத்துப் படகில் வைத்துக்கொள்ளுங்கள். முடித்தபின் வெளியிடும் அறிக்கையில் அவர் பெயரையும் எழுதுங்கள்.